ஜான் கோல்மன்

ஜான் டக்ளஸ் கோல்மன் (நவம்பர் 23, 1928 – ஏப்ரல் 5, 1973) ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியக் காற்பந்தாட்ட வீரரும் பயிற்றுநரும் ஆவார். விக்டோரியா காற்பந்து லீக்கில் எசென்டன் கழகத்திற்காக 1949 முதல் 1954 வரை 98 ஆட்டங்களில் ஆடி 537 கோல்கள் அடித்தார். தமது 25 ஆவது வயதில் முழங்கால் காயத்தினால் ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. பின்னர் அதே கழகத்தின் பயிற்றுநராகி 1962, 1965 ஆகிய ஆண்டுகளில் வாகையர் பட்டம் பெற்றுத் தந்தார். ஆஸ்திரேலியக் காற்பந்து லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் அதிக கோல் அடிப்பவருக்கு வழங்கப்படும் கோல்மன் பதக்கம் இவரது பெயரால் அமைந்ததாகும்.

ஆட்டத்தைப் பற்றி

கோல்மனின் எண்ணிக்கைகளைப் புரிந்துகொள்ள இந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். ஆஸ்திரேலியக் காற்பந்தாட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று, ரக்பியும் அன்று. 1859 ஆம் ஆண்டு மெல்பேர்ண் நகரில் இதன் விதிகள் முதன்முதலாக எழுதப்பட்டன. குளிர்காலத்தில் கிரிக்கெட் மைதானங்களிலேயே ஆடப்பட்டு வளர்ந்ததால் இதன் ஆடுகளம் நீள்வட்ட வடிவினது. ஓர் அணிக்கு 18 பேர் களத்தில் இருப்பர். பந்தும் நீள்வட்ட வடிவினதே. பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறு கையின் முட்டியால் குத்தித் தள்ளலாம். எறிதல் மட்டும் கூடாது.

களத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் அது கோல், 6 புள்ளிகள். அவற்றுக்கு இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் பந்து சென்றால் அது 'பிஹைண்டு'. 1 புள்ளி மட்டுமே. எனவே ஓர் அணியின் எண்ணிக்கையை 10.8 (68) என்று எழுதுவர். 10 கோல், 8 பிஹைண்டு, மொத்தம் 68 புள்ளிகள் என்று இதனைப் படிக்க வேண்டும். இது தசம எண் அன்று என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைவில் கொள்க.

உதைக்கப்பட்ட பந்து குறிப்பிட்ட தொலைவு பறந்து வரும்போது தரையைத் தொடுமுன் ஒருவர் அதனைப் பிடித்துவிட்டால் அது 'மார்க்' எனப்படும். மார்க் பிடித்தவர் எதிரணியின் இடையூறின்றி நின்று நிதானமாக உதைக்கும் உரிமை பெறுகிறார். கோல் கம்பங்களுக்கு முன்னால் நிற்கும் தாக்குதல் வீரர் 'புல் பார்வர்ட்' என அழைக்கப்படுவார். நடுக்களத்திலிருந்து வரும் பந்தை எதிரணிக் காவலரை முந்தி ஓடியோ அவருக்கு மேலே எழும்பியோ பிடித்துக் கோலாக்குவதே இவரது பணி. ஒரு பருவத்தில் 100 கோல் அடிப்பது இந்த இடத்தில் ஆடுவோரின் உயர்ந்த இலக்காகக் கருதப்பட்டது. கோல்மன் ஆடிய இடம் இதுவேயாகும்.

இளமைக் காலம்

கோல்மன் விக்டோரியாவின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள போர்ட் பெயரி என்னும் சிற்றூரில் பிறந்தார். மெல்பேர்ணில் யுனிவர்சிட்டி உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். இவரது குடும்பம் மெல்பேர்ணுக்குத் தென்கிழக்கே மார்னிங்டன் தீபகற்பத்தில் உள்ள ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊருடன் தொடர்புடையதாயிற்று. அவ்வூர் அணிக்காகவே இவர் முதலில் பெயர் பெற்றார்.

ஹேஸ்டிங்ஸ் அணிக்காக 1947 இல் 136 கோல்களும் 1948 இல் 160 கோல்களும் அடித்தார். இரு பருவங்களிலும் சேர்த்து 296 கோல்கள். 1948 இல் சொரென்டோ அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 23 கோல்கள் அடித்தார். நாட்டுப்புற லீக்குகளில் காவல் அவ்வளவு இறுக்கமாக இராது என்பது உண்மையே. ஆயினும் 23 கோல் என்பது 138 புள்ளிகள். பெரும்பாலான அணிகள் முழு ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகளைவிட இது அதிகம்.

இக்காலத்தில் எசென்டன் கழகத்தின் பயிற்சி ஆட்டங்களில் பங்குகொண்டபோதும் உடனடியாக அணியில் இடம் கிடைக்கவில்லை. 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எசென்டனின் தேவை

எசென்டன் மெல்பேர்ணின் வடமேற்குப் புறநகர்ப் பகுதியைச் சேர்ந்த கழகம். கறுப்புச் சட்டையின் குறுக்கே சிவப்புப் பட்டை இதன் அடையாளம். டிக் ரெய்னால்ட்ஸ் 1939 முதல் இதன் பயிற்றுநராக இருந்தார். நெடுங்காலம் அணித்தலைவராகவும் ஆடினார். லீக்கின் மிகச் சிறந்த, ஒழுக்கமான வீரருக்குத் தரப்படும் பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை வென்றவர் இவர். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் எசென்டன் வலிமை மிக்க அணியாக இருந்தது. ஆயினும் அதற்கு ஒரு குறை இருந்தது. எண்களைப் பார்த்தால் அது தெளிவாகும்.

1947 இறுதியாட்டத்தில் கார்ல்டன் 13.8 (86), எசென்டன் 11.19 (85). ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. எசென்டன் கம்பங்களை நோக்கி 30 முறை பந்தைச் சேர்த்தது. கார்ல்டன் 21 முறை மட்டுமே. மறு ஆண்டு நடந்தது இன்னும் கொடுமையானது. 1948 இறுதியாட்டத்தில் எசென்டன் 7.27 (69), மெல்பேர்ண் 10.9 (69). 34 முறை பந்தைச் சேர்த்தும் அவற்றுள் 27 பிஹைண்டுகளாகப் போயின. அவற்றுள் ஒன்றேனும் கோலாகியிருந்தால் கோப்பை எசென்டனுக்கே. ஆட்டம் சமநிலையில் முடிந்ததால் அடுத்த வாரம் மீண்டும் ஆட வேண்டியதாயிற்று. அதில் மெல்பேர்ண் 39 புள்ளிகளால் வென்றது.

பந்தைக் கம்பங்கள் வரை கொண்டுவர எசென்டனால் முடிந்தது. அதனைக் கோலாக்கும் ஒருவரே இல்லை. அதுவரை புல் பார்வர்டாக ஆடிய பில் பிரிட்டிங்ஹாம் எளிய வீரர் அல்லர். 1946 இல் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவரே. 1949 இல் கோல்மனுக்கு இடமளிப்பதற்காக அவர் களத்தின் மறுமுனைக்கு, காவல் இடத்திற்கு மாற்றப்பட்டார். அங்கும் சிறப்பாகவே ஆடினார். கோல்மனைப் பற்றிய கட்டுரைகளில் பிரிட்டிங்ஹாமின் பெயர் விடுபட்டுப் போவது முறையன்று.

முதல் ஆட்டமும் முதல் பருவமும்

1949 ஏப்ரலில் பருவத்தின் முதல் சுற்று. எசென்டனின் சொந்த மைதானமான விண்டி ஹில்லில் ஹாதோர்ன் அணிக்கு எதிராகக் கோல்மன் தமது முதல் ஆட்டத்தில் களமிறங்கினார். வயது 20. அன்று அவர் 12 கோல்கள் அடித்தார். முதல் ஆட்டத்திலேயே ஒரு வீரர் அடித்த அதிக கோல் என்ற லீக் சாதனை இது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் இச்சாதனையை எவரும் முறியடிக்கவில்லை.

கோல்மன் ஏறத்தாழ 185 செ.மீ. உயரமுடையவர்; மெலிந்த உடல்வாகு. அக்காலப் புல் பார்வர்டுகளுள் உடல் வலிமையால் காவலரை நெட்டித் தள்ளி இடம் பிடிப்போர் பலர் இருந்தனர். கோல்மனின் வலிமை வேறிடத்தில் இருந்தது. நின்ற நிலையிலிருந்து சில எட்டுக்களிலேயே முழு வேகம் எடுத்துக் காவலரைப் பின்னால் விட்டுவிடுவார். பந்து உயரமாக வந்தால் எதிரணியினரின் தோளுக்கு மேலே எழும்பிப் பிடிப்பார். இவ்விரண்டும் ஒருவரிடமே அமைந்திருந்ததால் காவலருக்கு வழியில்லாமற் போயிற்று: நெருங்கி நின்றால் தலைக்கு மேலே எழும்புவார், தள்ளி நின்றால் ஓடிவிடுவார். 10 ஆம் எண் பொறித்த முழுக்கைச் சட்டை இவரது வழக்கமான உடை. இன்றும் இவரது ஒளிப்படங்களில் கண்ணில் படுவது அந்த முழுக்கைச் சட்டையே.

அப்பருவத்தில் எசென்டன் பட்டியலில் நான்காவதாகவே முடித்தது. அக்கால முறைப்படி முதல் நான்கு அணிகள் இறுதிச்சுற்றில் ஆடும். முதல் இரு அணிகளுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் வாய்ப்பு உண்டு. நான்காம் அணிக்கோ தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்றால்தான் கோப்பை. எசென்டன் காலிங்வுட்டையும் வட மெல்பேர்ணையும் வென்று இறுதியாட்டத்தில் கார்ல்டனைச் சந்தித்தது.

இறுதியாட்டத்திற்கு முன் கோல்மனின் கணக்கில் 94 கோல்கள் இருந்தன. நூறை எட்ட ஆறு தேவை. எசென்டன் எளிதாக முன்னிலை பெற்றதால், ஆட்டத்தின் பிற்பகுதியில் யார் வெல்வார் என்ற கேள்வி மறைந்து, கோல்மன் நூறு அடிப்பாரா என்பதே மைதானம் முழுவதின் கேள்வியாயிற்று. கடைசிக் கால்பகுதியின் இறுதி நிமிடங்களில் ஆறாவது கோலை அடித்தார். எசென்டன் 18.17 (125), கார்ல்டன் 6.16 (52), 73 புள்ளி வேறுபாட்டில் வெற்றி. அறிமுகப் பருவத்திலேயே 100 கோல் அடித்தவர் லீக் வரலாற்றில் கோல்மன் ஒருவரே. அவ்வாண்டு எசென்டன் கழகத்தின் சிறந்த வீரர் விருதும் இவருக்குக் கிடைத்தது.

1950

1950 ஆம் ஆண்டு எசென்டன் கழகத்தின் மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்று. கோல்மன் 120 கோல்கள் அடித்தார். ஒரே பருவத்தில் எசென்டன் வீரர் ஒருவர் அடித்த அதிக கோல்கள் இவையே. 2000 ஆம் ஆண்டு மாத்யூ லாயிட் 109 கோல்கள் வரை வந்தும் இதனைத் தொடவில்லை. இறுதியாட்டத்தில் எசென்டன் 13.14 (92), வட மெல்பேர்ண் 7.12 (54). தொடர்ந்து இரண்டாவது கோப்பை.

கோல்மனை நடுவே வைத்து எழுதும்போது அவருக்குப் பந்து எவ்வாறு வந்தது என்பது மறைந்துவிடுகிறது. நடுக்களத்தில் பில் ஹட்சிசன் இருந்தார். இவர் பின்னர் 1952, 1953 ஆகிய ஆண்டுகளுக்கான பிரவுன்லோ பதக்கங்களைப் பெற்றவர். 1952 இல் வாக்குகளில் ரிச்மண்டின் ராய் ரைட்டுடன் சமமாக நின்றும் அன்றைய விதிப்படி பதக்கம் ரைட்டுக்கே போயிற்று. சமமாக நின்று இழந்தோருக்கெல்லாம் 1989 இல் பதக்கம் வழங்கப்பட்டபோது ஹட்சிசனுக்கும் அது கிடைத்தது.

1951: கைவிட்டுப்போன கோப்பை

கோல்மனின் ஆட்ட வாழ்க்கையில் இன்றும் அதிகம் விவாதிக்கப்படும் நிகழ்வு 1951 செப்டம்பர் 1 அன்று நடந்தது. வழக்கமான சுற்றுகளின் கடைசி ஆட்டம், எதிரணி கார்ல்டன், இடம் கார்ல்டனின் பிரின்சஸ் பார்க் மைதானம். எசென்டன் இறுதிச்சுற்றுக்குச் செல்வது உறுதியாகியிருந்தது. தொடர்ந்து மூன்றாவது கோப்பை கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

அக்காலத்தில் களத்திற்குள் ஆட்டத்தை நடத்துபவர் ஒரே ஒரு நடுவர். பந்து இருக்கும் இடத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கையில், நூறு மீட்டருக்கு அப்பால் கோல் கம்பங்களின் முன்னால் நடப்பது அவர் கண்ணில் படாது. கோல்மனைப் போன்ற ஒருவரைத் தடுக்க வேறு வழியறியாத காவலர்கள் சட்டையைப் பிடித்திழுப்பதும் பந்து வராதபோது முழங்கையால் இடிப்பதும் வாடிக்கையாயிருந்தன. ஆறு ஆண்டுகளும் கோல்மன் இதனைத் தாங்கியே ஆடினார்.

அன்று கார்ல்டன் காவல் வீரர் ஹாரி காஸ்பர் கோல்மனைத் தாக்கினார். கோல்மன் திருப்பித் தாக்கினார். இருவர் மீதும் புகார் பதிவாகி, விசாரணைக் குழு முன் அழைக்கப்பட்டனர். கோல்மன் தாமாகத் தொடங்கவில்லை, பதிலுக்கே தாக்கினார் என்பது விசாரணையில் எடுத்துரைக்கப்பட்டது. எனினும் திருப்பி அடிப்பதும் குற்றமே என்ற அடிப்படையில் இருவருக்கும் நான்கு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. லீக் தலைமையகமான ஹாரிசன் ஹவுஸிலிருந்து கோல்மன் கண்ணீருடன் வெளியேறினார்.

இருவருக்கும் ஒரே தண்டனை என்பது ஏட்டளவில் சமநீதி. ஆனால் கார்ல்டன் அவ்வாண்டு இறுதிச்சுற்றில் இல்லை. எனவே காஸ்பரின் தடையால் அவரது கழகத்திற்கு அந்த ஆண்டில் இழப்பு ஏதுமில்லை. எசென்டனோ தனது முதன்மைத் தாக்குதல் வீரரை இறுதிச்சுற்று முழுவதற்கும் இழந்தது. திருப்பி அடித்தவரை அடியோடு மன்னித்தால் களத்தில் ஒழுங்கு நிலைக்காது என்ற வாதத்திலும் பொருள் உண்டு. இரு தரப்பு வாதங்களும் இன்றுவரை தொடர்கின்றன.

கோல்மன் இல்லாமலே எசென்டன் புட்ஸ்கிரேயையும் காலிங்வுட்டையும் மிக நெருக்கமான ஆட்டங்களில் வென்று இறுதியாட்டத்தை அடைந்தது. ஓய்வு பெற்றிருந்த ரெய்னால்ட்ஸ் கூட மாற்று வீரராக மீண்டும் சட்டை அணிந்தார். முடிவு: ஜீலாங் 11.15 (81), எசென்டன் 10.10 (70). வேறுபாடு 11 புள்ளிகள். அதாவது இரண்டு கோலுக்கும் குறைவு. அப்பருவத்தில் கோல்மன் 75 கோல்கள் அடித்திருந்தார். ஓர் ஆட்டத்திற்கு ஐந்து கோலுக்கு மேல் அடிப்பவர் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கணக்கை எசென்டன் ஆதரவாளர்கள் இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோல்மன் ஆடியிருந்தால் ஜீலாங்கும் வேறு விதமாக ஆடியிருக்கும் என்பதால் இக்கணக்கிற்கு விடை கிடையாது.

1952 – 1953

1952 இல் எசென்டன் இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. அணி தளர்ந்திருந்த அவ்வாண்டிலும் கோல்மன் 103 கோல்கள் அடித்தார். இவை அனைத்தும் வழக்கமான சுற்றுகளில் அடித்தவை. தனித்திறனின் அளவுகோலாகப் பார்த்தால் 1950 இன் 120 ஐவிட இந்த 103 உயர்ந்தது என்றும் கருத இடமுண்டு.

அவ்வாண்டு ஜூன் மாதம் லீக் நிர்வாகம் ஆட்டத்தைப் பரப்பும் நோக்கில் ஒரு சுற்று முழுவதையும் வழக்கமான மைதானங்களுக்கு வெளியே, பிற நகரங்களிலும் ஊர்களிலும் நடத்தியது. எசென்டன் – ஜீலாங் ஆட்டம் குயின்ஸ்லாந்தின் தலைநகரான பிரிஸ்பேனுக்கு ஒதுக்கப்பட்டது. மழையினால் சனிக்கிழமை ஆட முடியாமல் திங்கள் இரவு விளக்கொளியில் ஆட்டம் நடந்தது. புள்ளிகளுக்கான லீக் ஆட்டங்கள் பகலில் மட்டுமே நடந்துவந்த காலம் அது. முந்தைய ஆண்டு கோப்பையைப் பறித்த ஜீலாங்குக்கு எதிராக அவ்விரவு கோல்மன் 13 கோல்கள் அடித்தார். ரக்பியையே பெரிதும் அறிந்திருந்த பிரிஸ்பேன் மக்களுக்கு இவ்வாட்டத்தை அறிமுகம் செய்ய இதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திராது.

1953 இல் 97 கோல்கள். நூறுக்கு மூன்று குறைவு. அவ்வாண்டு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே எசென்டன் புட்ஸ்கிரேயிடம் தோற்று வெளியேறியதால் நான்காம் முறை நூறைத் தொடும் வாய்ப்புப் போயிற்று. அதே ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான போட்டிகள் அடிலெய்டில் நடைபெற்றன. அதன் முடிவில் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அனைத்து ஆஸ்திரேலிய அணியில் கோல்மன் இடம்பெற்றார்.

இத்தனை புகழ் பெற்றும் வருவாய் சொற்பமே. 1930 இல் லீக் கொண்டுவந்த கோல்டர் விதி வீரர்களுக்குக் கழகங்கள் தரக்கூடிய ஊதியத்திற்கு உச்சவரம்பு வைத்திருந்தது. எல்லா வீரர்களும் வார நாள்களில் ஏதேனும் ஒரு தொழில் பார்த்துச் சனிக்கிழமைகளில் ஆடினர். ஆட்டம் முடிந்த பின் கோல்மன் மேற்கொண்ட தொழில் மதுவிடுதி நடத்துதல் ஆகும்.

காயம்

1954 பருவத்தின் ஏழாவது சுற்றில் பிட்ஸ்ராய்க்கு எதிராகக் கோல்மன் 14 கோல்கள் அடித்தார். இவர் வாழ்க்கையில் ஓர் ஆட்டத்தில் அடித்த அதிக கோல்கள் இவையே. எசென்டன் கழகத்தின் சாதனையும் இதுவே. அதற்கு அடுத்த வாரம், ஜூன் தொடக்கத்தில், விண்டி ஹில்லில் வட மெல்பேர்ணுக்கு எதிரான ஆட்டம். ஐந்து கோல்கள் அடித்திருந்த நிலையில் கீழே விழுந்தபோது முழங்கால் மூட்டு நழுவியது. களத்திலிருந்து வெளியே கொண்டு செல்லப்பட்டார். அப்பருவத்தில் அதுவரை 42 கோல்கள்.

இன்று முழங்கால் தசைநார் அறுந்த வீரர் அறுவை மருத்துவமும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்துத் திரும்பி வருவது வழக்கமான செய்தியாகிவிட்டது. 1954 இல் நிலைமை அவ்வாறில்லை. உள்நோக்கிக் கருவி கொண்டு மூட்டைச் செப்பனிடும் முறைகள் பரவலாக வருவதற்குப் பல ஆண்டுகள் இருந்தன. கோல்மனின் ஆட்டம் முழுவதும் அந்த முதல் சில எட்டுக்களின் வேகத்தையும் ஒற்றைக்காலில் எழும்பும் ஆற்றலையும் நம்பியிருந்தது. சிகிச்சைக்குப் பின் 1956 இல் திரும்பி வர முயன்றார். பயிற்சியிலேயே முழங்கால் இடங்கொடுக்கவில்லை. ஆட்டத்திலிருந்து விலகினார்.

கோல் கணக்கு

கோல்மனின் பருவவாரியான கோல்கள் வருமாறு: 1949 – 100, 1950 – 120, 1951 – 75, 1952 – 103, 1953 – 97, 1954 – 42. மொத்தம் 537. இவற்றுள் 1949, 1950, 1952, 1953 ஆகிய நான்கு ஆண்டுகளில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் இவர். 1951 இல் அந்த இடம் ஜீலாங்கின் ஜார்ஜ் கொனினனுக்குச் சென்றது. அவர் அடித்தவை 86.

மொத்த எண்ணிக்கையில் கோல்மன் முன்னணியில் இல்லை. டோனி லாக்கெட் 281 ஆட்டங்களில் 1360 கோல்களும், கோர்டன் கவென்ட்ரி 306 ஆட்டங்களில் 1299 கோல்களும் அடித்துள்ளனர். ஓர் ஆட்டத்திற்கான சராசரியைக் கணக்கிட்டால் வரிசை மாறுகிறது. லாக்கெட் 4.84, கவென்ட்ரி 4.25, 1934 இல் ஒரே பருவத்தில் 150 கோல் அடித்த பாப் பிராட் 4.31, கோல்மன் 5.48. இவரை முந்தியிருப்பவர் ஹாதோர்னின் பீட்டர் ஹட்சன் ஒருவரே: 129 ஆட்டங்களில் 727 கோல்கள், சராசரி 5.64. ஹட்சனும் முழங்கால் காயத்தினால் நல்ல ஆண்டுகளை இழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சராசரியை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நெடுங்காலம் ஆடும் வீரரின் சராசரி இறுதி ஆண்டுகளில் இயல்பாகவே குறையும். கோல்மனுக்கு அந்த இறங்குமுகம் வரவேயில்லை. இதனை அவருக்குச் சாதகமாகவும் சொல்லலாம், பாதகமாகவும் சொல்லலாம்.

பயிற்றுநராக

டிக் ரெய்னால்ட்ஸ் 22 பருவங்கள் பயிற்றுநராக இருந்து 1960 முடிவில் விலகினார். 1961 இல் கோல்மன் அப்பொறுப்பை ஏற்றார். இரண்டாவது ஆண்டிலேயே, ஜாக் கிளார்க் தலைமையில், 1962 இறுதியாட்டத்தில் கார்ல்டனை 13.12 (90) – 8.10 (58) என எசென்டன் வென்றது. 1965 இல் கென் பிரேசர் தலைமையிலான அணி, 1949 ஐப் போலவே, நான்காம் இடத்திலிருந்து மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று கோப்பையைப் பெற்றது. இறுதியாட்டத்தில் எசென்டன் 14.21 (105), செயிண்ட் கில்டா 9.16 (70). டெட் போர்டாம் அன்று 7 கோல்கள் அடித்தார்.

பெரும் வீரர்கள் நல்ல பயிற்றுநர்களாவது எந்த ஆட்டத்திலும் அரிது. தமக்கு இயல்பாக வந்ததைப் பிறருக்குச் சொல்லித்தர அவர்களால் முடிவதில்லை. கோல்மன் இதற்கு விலக்கு. ஏழு ஆண்டுகளில் இரண்டு கோப்பைகள் என்பது எந்த அளவுகோலிலும் சிறந்ததே. உடல்நலக் குறைவு காரணமாக 1967 பருவத்துடன் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் ஜாக் கிளார்க் பயிற்றுநரானார்.

மறைவு

பின்னர் கோல்மன் இளமையில் ஆடிய மார்னிங்டன் தீபகற்பத்திற்கே திரும்பி, கடற்கரை ஊரான டிரோமானாவில் விடுதி நடத்தி வந்தார். அங்கு 1973 ஏப்ரல் 5 அன்று மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 44.

கோல்மன் பதக்கம்

விக்டோரியா காற்பந்து லீக் 1981 முதல் அதிக கோல் அடிப்பவருக்குக் கோல்மன் பெயரால் பதக்கம் வழங்கத் தொடங்கியது. முதலாவதாகப் பெற்றவர் ரிச்மண்டின் மைக்கேல் ரோச். லீக் 1990 இல் ஆஸ்திரேலியக் காற்பந்து லீக் எனப் பெயர் மாறிய பின்னரும் பதக்கம் தொடர்கிறது. எசென்டனின் மாத்யூ லாயிட் இதனை மூன்று முறை வென்றுள்ளார்.

பின்னர் 1955 முதலான ஆண்டுகளுக்கும் முன்தேதியிட்டு இப்பதக்கம் வழங்கப்பட்டது. 1954 வரையிலான ஆண்டுகளுக்கு வேறு பெயரில் பதக்கம் உண்டு. கோல்மன் கடைசியாக ஆடிய ஆண்டு 1954. ஆகவே கோல்மன் பதக்கம் பெற்றவர்களின் பட்டியலில் கோல்மன் இல்லை. மேலும், இப்பதக்கத்திற்கு வழக்கமான சுற்றுகளில் அடித்த கோல்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. இறுதிச்சுற்றுக் கோல்கள் சேர்வதில்லை. அதன்படி பார்த்தால் 1949 இறுதியாட்டத்தின் இறுதி நிமிடங்களில் அடித்த அந்த நூறாவது கோல் இவர் பெயரிலான பதக்கத்தின் கணக்கில் வராது.

பிற சிறப்புகள்

1996 இல் ஆஸ்திரேலியக் காற்பந்துப் புகழ் மன்றம் தொடங்கப்பட்டபோது அதன் மிக உயர்ந்த நிலையான 'லெஜண்ட்' தகுதி 12 பேருக்கு மட்டும் வழங்கப்பட்டது. கோல்மன் அவர்களுள் ஒருவர். ரெய்னால்ட்சும் பாப் பிராட்டும் மற்றவர்களுள் அடங்குவர். அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட லீக்கின் நூற்றாண்டு அணியிலும், 1997 இல் அறிவிக்கப்பட்ட எசென்டன் கழகத்தின் நூற்றாண்டு அணியிலும் புல் பார்வர்ட் இடம் இவருக்கே அளிக்கப்பட்டது. கிரிக்கெட் வழியாகத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தின் வெளியே, ஷேன் வார்னின் சிலை நிற்கும் அதே வரிசையில், கோல்மனுக்கும் சிலை வைக்கப்பட்டுள்ளது. மார்க் பிடிக்க எழும்பும் நிலையில் அமைந்த சிலை அது.